மொழியும் ஒப்பீடும்: பௌத்தத்தில் முனைவர் பட்ட ஆய்வு

ஒப்பியல் சமய ஆய்வு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட சமயங்களின் நூல்களையும் சடங்குகளையும் நிறுவனங்களையும் அருகருகே வைத்து, அவற்றுள் எது எதனோடு எந்த வகையில் ஒத்தும் வேறுபட்டும் நிற்கிறது என்பதைச் சான்றுகளால் காட்டும் கல்வித்துறை ஆகும். எந்தச் சமயம் உண்மையானது, எது உயர்ந்தது என்னும் கேள்விகளை அத்துறை தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. அவற்றுக்கு விடை கூறும் பொறுப்பு அந்தந்தச் சமயத்தின் ஆசாரியர்களுக்கும் இறையியலாருக்கும் உரியது. மாக்ஸ் முல்லர் 1870இல் லண்டனில் சமய அறிவியல் குறித்து ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்தே இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1879இல் தொடங்கிய கீழைநாட்டுத் திருநூல்கள் வரிசை 50 தொகுதிகளாக 1910இல் நிறைவுற்றது. அதே காலத்தில், இலங்கை ஆட்சிப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881இல் பாலி நூற்கழகத்தை நிறுவினார். பௌத்தம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளானது இவ்வாறு அச்சேறிய நூல்களின் வழியாகவே.

பௌத்தம் அத்துறைக்கு வந்து சேர்ந்த மற்றொரு சமயமாக மட்டும் நின்றுவிடவில்லை. அத்துறையின் அடிப்படை வரையறையையே அது அசைத்தது. சமயம் என்பது கடவுள் நம்பிக்கை என்று கொண்டவர்களுக்கு, உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காமல், துறவிகளின் சங்கத்தையும் விரிவான ஒழுக்க நெறியையும் வழிபாட்டையும் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஒரு மரபை எங்கே வைப்பது என்பது தீராத இடர்ப்பாடாயிற்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், தெய்வத்தை வைத்துச் சமயத்தை வரையறுக்க முடியாது என்பதற்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்காட்டியது பௌத்தத்தையே. ஆகவே பௌத்தத்தில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர், தம் பொருளைப் படிக்கும்போதே, அப்பொருளை அளக்கும் கோலையும் சோதித்துப் பார்க்க வேண்டியவராகிறார்.

தமிழ் படித்துவிட்டு இத்துறைக்குள் நுழையும் மாணவரிடம் ஒரு பெரிய முதலும் ஒரு பெரிய குறையும் சேர்ந்தே இருக்கின்றன. முதல், தமிழ்; குறை, பாலி அறியாமை. இந்த இரண்டையும் பற்றியதே இச்சொற்பொழிவு.

தமிழ் எவ்வகையில் முதலாகிறது என்பதற்குத் தமிழரல்லாத ஒருவரின் ஆய்வேடு நல்ல சான்று. ஏ. எல். பாஷாம் லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஆசீவகம். அந்த ஆய்வு 1951இல் நூலாக வந்தது. ஆசீவகம் புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் மற்கலி கோசாலரால் பெருமை பெற்ற சமயம். நடப்பவை அனைத்தும் நியதியால் நடக்கின்றன, மனித முயற்சியால் மாறுவது எதுவும் இல்லை என்பது அதன் மையக் கொள்கை. பீகாரில் பராபர் குன்றில் அசோகர் ஆசீவகர்களுக்கு அளித்த குகைகள் இன்றும் கல்வெட்டுகளோடு நிற்கின்றன. ஆனால் ஆசீவகர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. அச்சமயத்தைப் பற்றி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதை மறுத்தவர்களின் சொற்களே: பௌத்தர்களின் பாலி நூல்கள், சமணர்களின் பிராகிருத நூல்கள், அவற்றுக்குப் பிறகு தமிழில் மணிமேகலை, நீலகேசி, சிவஞானசித்தியார் பரபக்கம் ஆகிய மூன்று. மணிமேகலை பௌத்தருடையது, நீலகேசி சமணருடையது, சிவஞானசித்தியார் சைவருடையது. ஒன்றையொன்று கடுமையாக மறுத்த மூன்று சமயத்தார் ஒரே எதிர்த்தரப்பைப் பற்றித் தத்தம் போக்கில் எழுதிய குறிப்புகள் ஒரே மொழியில் கிடைக்கின்றன என்பது ஆய்வாளருக்கு அரிதாக வாய்க்கும் பேறு.

பாஷாம் இவற்றைப் பயன்படுத்திய முறையே இங்குக் கருதத்தக்கது. பாலி தீக நிகாயத்தின் இரண்டாம் சுத்தமாகிய சாமஞ்ஞபல சுத்தத்தில், மகத மன்னன் அசாதசத்து ஆறு ஆசிரியர்களிடம் சென்று, துறவினால் இம்மையில் கிடைக்கும் பயன் யாது என்று கேட்டதாகவும், ஒவ்வொருவரும் தம் கொள்கையை மட்டும் சொல்லியனுப்பியதாகவும் வருகிறது. அங்கே நியதிக் கொள்கை மற்கலிக்கும், அழியாத ஏழு பொருள்கள் உண்டு என்னும் கொள்கை பகுத கச்சாயனருக்கும், நல்வினை தீவினைக்குப் பயனில்லை என்னும் கொள்கை பூரண காசியபருக்கும் உரியனவாகத் தனித்தனியே பிரித்துச் சொல்லப்படுகின்றன. மணிமேகலையின் ஆசீவகவாதியோ நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களைப் பற்றி விரித்துப் பேசுகிறார். நீலகேசியில் ஆசீவகரின் தலைவராக வருபவரின் பெயர் பூரணன். பாலி நூலில் மூவரிடம் சிதறிக் கிடந்த கருத்துகள் தமிழ் நூல்களில் ஒரே சமயத்தின் கொள்கையாக இணைந்து நிற்பதைக் கண்ட பாஷாம், தென்னாட்டு ஆசீவகம் அம்மூவரின் கருத்துகளும் கலந்து வளர்ந்த ஒன்று என்று முடிவு கட்டினார். ஆசீவகர் மீது விதிக்கப்பட்ட வரியைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுகளையும் அவர் சேர்த்து ஆராய்ந்தமையால், வடக்கே மறைந்த ஒரு சமயம் தெற்கே பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருந்தது என்பதும் தெளிவாயிற்று. பகைவரின் சாட்சியத்தை முழுவதுமாக நம்பாமலும் முழுவதுமாகத் தள்ளாமலும், ஒரு பகைவரின் சொல்லை மற்றொரு பகைவரின் சொல்லோடு உரைத்துப் பார்த்து உண்மையை எடுக்கும் இந்த முறை, ஒப்பியல் ஆய்வு என்னும் தொடருக்கு நேரான பொருள் தருவது.

இம்முறைக்கு மூலமான நூல்களுள் ஒன்றாகிய மணிமேகலையே ஒப்பியல் சமய நூலாகவும் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. அதன் 27ஆம் காதையாகிய சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில், மணிமேகலை துறவி வடிவம் கொண்டு வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மரை அணுகி, ஒவ்வொருவர் வாயிலாகவும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சாமஞ்ஞபல சுத்தத்தைப் போலவே இதுவும் பௌத்தத்தை நோக்கி வாசகரை நடத்திச் செல்லும் உத்திதான்; ஆயினும் வேறுபாடுகள் உண்டு. பாலி நூலில் கேட்பவன் தந்தையைக் கொன்ற குற்றத்தால் வருந்தும் மன்னன். தமிழ் நூலில் கேட்பவள் கணிகையர் குலத்தில் பிறந்து துறவு பூண்ட இளம்பெண், அவளும் தன் உருவில் கேட்கவில்லை, மாற்றுருவில் கேட்கிறாள். சைவமும் வைணவமும் சில அடிகளில் முடிந்துவிட, அளவைவாதியின் அறிவு அளவைகள், அதாவது ஒன்றை மெய்யென அறியும் வழிகள், நீண்ட இடம் பெறுகின்றன. காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் பூதவாதியிடம் மட்டுமே அவள் எதிர்வாதம் செய்கிறாள். பெற்றோர் இன்னார் என்பதைக் கருதல் அளவையால் அன்றி வேறு எவ்வகையில் அறிய முடியும் என்பது அவளது வினா. ஏனையோரை அவள் கேட்டுக்கொண்டு கடந்து செல்கிறாள். காப்பியப் புலவர் எதற்கு எத்தனை அடி ஒதுக்கினார், எங்கே வாய் திறந்தார், எங்கே மௌனம் காத்தார் என்பதை எண்ணிப் பார்ப்பதே நல்லதோர் ஆய்வேட்டின் முதல் இயலாக அமையும்.

சமயம் என்னும் சொல்லைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் அந்தக் காதையே தருகிறது. இன்றைய வழக்கில் சமயம் என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் தம் பெயருக்கு நேரே எழுதும் அடையாளம். மணிமேகலையின் வழக்கிலோ வைசேடிகர் போன்ற பொருள்வகை ஆய்வாளரும், மறுமை இல்லை என்ற பூதவாதியரும்கூடச் சமயக்கணக்கரே. கனடிய அறிஞர் வில்ஃபிரட் கான்ட்வெல் சுமித் 1962இல் வெளியிட்ட நூலில், தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து வைத்தாற்போன்ற சமயம் என்னும் கருத்து அண்மைக் கால ஐரோப்பாவின் ஆக்கம் என்று வாதிட்டார். அவருடைய வாதத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைச் சோதிக்கத் தமிழ் நூல்கள் அருமையான களம். ஆனால் அந்நோக்கில் அவற்றைப் படித்தவர்கள் குறைவு என்பதே உண்மை.

இனிக் குறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணிமேகலையின் இறுதிக் காதையாகிய 30ஆம் காதையில், பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரு சார்புகளை மணிமேகலைக்கு உணர்த்துகிறார். சார்பு என்பது, ஒன்று இருப்பதனால் மற்றொன்று தோன்றுகிறது என்னும் தொடர்நிலை. துன்பம் எங்கிருந்து எழுகிறது என்பதைப் பன்னிரண்டு கண்ணிகளாகக் காட்டும் பௌத்தத்தின் தலையாய கோட்பாடு அதுவே. அங்கே ஆளப்பட்ட தமிழ்ச் சொற்களைப் பாலிச் சொற்களோடு ஒட்டி வைத்துப் பார்க்கும்போதுதான் புலவரின் நுட்பம் விளங்குகிறது. பாலியில் தண்ஹா எனப்படுவதன் நேர்ப்பொருள் நீர் விடாய். அதன் வழியே ஆசை என்னும் பொருள் வந்தது. தமிழ்ப் புலவர் அதற்கு வேட்கை என்னும் சொல்லைத் தேர்ந்தார். நீர்வேட்கை என விடாயையும், களவியலில் தலைவன் தலைவியரின் விருப்பத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது; அகப்பாடல்கள் பல நூற்றாண்டுகள் போற்றி வளர்த்த அச்சொல்லைத் துன்பத்தின் காரணமாகக் காட்டும்போது, தமிழ் வாசகரின் உள்ளத்தில் எழும் அதிர்வு பாலி மூலத்தில் இல்லாதது.

நாமரூபம் என்பதைப் பெயரும் உருவும் என்று மொழிபெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியாகும். மணிமேகலையில் வருவதோ அருவுரு. நாமம் என்பது இங்குப் பெயரை உணர்த்தாது, உருவமற்ற மனக்கூறுகளை உணர்த்தும் என்பது அபிதம்ம விளக்கம், அதாவது உள்ளத்தையும் பொருள்களையும் கூறு கூறாகப் பகுத்து ஆராயும் பௌத்த நூற்பிரிவின் விளக்கம். அந்த விளக்கத்தை அறிந்த ஒருவரே அருவுரு என்று எழுத முடியும். அவிச்சை என்னும் அறியாமை பேதைமை ஆகிறது. திருக்குறளின் 84ஆம் அதிகாரத்தில் உலகியல் அறிவின்மையைச் சுட்டிய சொல், இங்குப் பிறவித் தொடரின் முதற் கண்ணியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பவம் என்னும் சொல்லை மட்டும் புலவர் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டார். எல்லாவற்றிலும் வியப்பானது கடைசிக் கண்ணி: பாலியில் மூப்பும் சாவும் நிற்கும் இடத்தில் தமிழில் வினைப்பயன் நிற்கிறது. புலவர் பின்பற்றிய மூலம் எது, அது பாலியா வடமொழியா, எந்தப் பௌத்தப் பள்ளியின் பாடம் என்னும் கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவர் விடை காண முடியாது, பாலி மட்டும் தெரிந்தவருக்கோ கேள்வியே எழாது.

29ஆம் காதையில் வரும் தருக்கப் பகுதி இதைவிடக் கடினமானது. ஒரு வாதத்தில் நேரும் போலிகளை, அதாவது சரியானது போலத் தோன்றிப் பிழையாக முடியும் கூற்றுகளை, அக்காதை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி எனப் பகுத்து, முறையே ஒன்பது, பதினான்கு, பத்து என விரிக்கிறது. சங்கரசுவாமின் இயற்றிய நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலிலும் இதே பகுப்பும் இதே எண்ணிக்கையும் உள்ளன. இந்நூலை 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீனத்தில் மொழிபெயர்த்தார். மணிமேகலை பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகருக்கு முற்பட்டது என்று சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். குப்புசாமி சாஸ்திரி முதலானோர் அப்பகுதி வடமொழித் தருக்க நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்றனர். காப்பியத்தின் காலத்தை அறிய உதவும் தலையாய அகச்சான்றாக இந்த ஒரு காதை அமைந்திருப்பதால், தமிழ், வடமொழி, இயலுமாயின் சீனம் ஆகியவற்றோடு மீண்டும் முழுமையாக ஆராயப்பட வேண்டிய பகுதி இது. காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திங்நாகரின் தலைமை நூலாகிய பிரமாணசமுச்சயம் முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் என்பதையும் மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுப் பௌத்தர்கள் தமிழில் எழுதியதைவிடப் பாலியில் எழுதியதே மிகுதி என்பது பலருக்குத் தெரியாது. உறையூரைச் சார்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரையில் தங்கி அபிதம்மாவதாரத்தை எழுதினார். மியன்மாரில் அபிதம்மம் கற்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் முதலில் எடுக்கும் அபிதம்மத்தசங்கஹத்தை இயற்றிய அனுருத்தரின் மற்றொரு நூல், ஆசிரியரைக் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று குறிக்கிறது. சோழநாட்டுக் கசபர் விநயப் பிடகத்திற்கு, அதாவது துறவியரின் ஒழுக்க விதித் தொகுதிக்கு, விமதிவிநோதனி என்னும் உரைநூல் எழுதினார். அந்த உரையில், தமிழ்நாட்டில் நாகசேனர் என்னும் தேரர் பிறர் கொள்கைகளை மறுப்பதற்காகக் குண்டலகேசிக் கதையைத் தமிழ்க் காவியமாகச் செய்தார் என்றும், அவர் மாறுபட்ட கொள்கையுடையவர் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றென எண்ணப்பட்டுச் சில பாடல்களே எஞ்சியுள்ள குண்டலகேசியைப் பற்றி, அதே நாட்டுப் பௌத்தத் துறவி ஒருவர் கூறிய இத்தகைய சான்று பாலியில் இருக்கிறது. குண்டலகேசியின் ஆசிரியர் நாதகுத்தனார் என்று தமிழில் வழங்கும் செய்தியோடு இதை எவ்வாறு பொருத்துவது, ஒரே காப்பியமா இரண்டா, மாறுபட்ட கொள்கை என்றது எதனை என்பன தனியே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான வினாக்கள்.

நூல்களோடு நின்றுவிடும் ஆய்வும் குறையுடையதே. அமெரிக்க அறிஞர் கிரெகரி சோப்பன் 1991இல் எழுதிய கட்டுரையில், பௌத்தத்தின் உண்மை நிலை திருநூல்களில்தான் உள்ளது, கல்வெட்டும் சிற்பமும் அவற்றிலிருந்து வழுவியவற்றைக் காட்டுகின்றன என்று எண்ணும் பழக்கம், புரோட்டஸ்டண்ட் கிறித்தவத்திலிருந்து ஆய்வாளர்களுக்கு வந்து ஒட்டிக்கொண்டது என்று காட்டினார். சொத்து வைத்திருக்கக் கூடாது என்று நூல் விதிக்கும் துறவியர், கல்வெட்டுகளில் தம் பெயரால் கொடை அளிக்கின்றனர். நூலை மட்டும் படிப்பவர் அதைக் காண்பதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு உரிய இடம் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செப்பேடு பலரும் அறிந்தது. 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. அத்திருமேனிகளுள் ஒன்றின் பீடத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, அக்கசாலைப் பெரும்பள்ளியில் திருவிழாவின்போது எழுந்தருளும் புத்தர் திருவுருவை ஆழ்வார் என்று குறிக்கிறது. வைணவ அடியார்க்கே உரியது என இன்று கருதப்படும் சொல் புத்தருக்கும், கோயில் உற்சவர்க்கு உரிய வீதியுலா விகாரைக்கும் பொதுவாக இருந்த ஒரு காலத்தை அந்தச் சில சொற்கள் காட்டுகின்றன. பள்ளி என்ற சொல்லும் அப்படிப்பட்டதே: சமணர்க்கும் பௌத்தர்க்கும் உறைவிடமாக இருந்தது, பிறகு முசுலிம்களின் தொழுகை இடத்திற்கும், குழந்தைகள் எழுத்தறியும் இடத்திற்கும் பெயராயிற்று. ஒரு சொல்லின் இந்த நீண்ட பயணத்தை முறையாக எழுதினால், தமிழகச் சமய வரலாற்றின் பெரும்பகுதி அதனுள் வந்துவிடும்.

எதை ஒப்பிடுவது என்பதைப் போலவே எதன் பொருட்டு ஒப்பிடுவது என்பதும் கேட்கப்பட வேண்டும். இரண்டு சான்றோர் பெயர்களைத் தலைப்பில் இணைத்து, இருவரும் அன்பையும் கொல்லாமையையும் வலியுறுத்தினர் என்று பட்டியலிட்டு, ஆகவே இருவரும் ஒன்றே என்று முடிக்கும் ஆய்வேடுகள் தமிழில் நிறையவே எழுதப்படுகின்றன. அவை உழைப்பால் ஆனவை. ஆனால் ஒப்பீட்டால் ஆனவை அல்ல. சமய ஆய்வாளர் ஜோனதன் சுமித் 1990இல் வெளியிட்ட நூலில், ஒப்பீட்டுக்கு இரு பொருள்கள் போதா, இன்ன கூறு பற்றி என்னும் மூன்றாவது ஒன்றும் வேண்டும் என்றும், இது அதனோடு ஒத்திருக்கிறது என்னும் கூற்றுக்கு, வேறொன்றோடு ஒப்பதைவிட மிகுதியாக ஒத்திருக்கிறது என்பதே பொருள் என்றும் விளக்கினார். திருக்குறளின் துறவறவியலையும் தம்மபதத்தையும் ஒப்பிட விரும்பும் மாணவர், இரண்டிலும் உள்ள நிலையாமையை எண்ணிக் காட்டுவதை விட்டு, இல்லறத்தானுக்கு அந்நிலையாமையிலிருந்து பெறப்படும் கடமை யாது என்னும் ஒரு கூற்றில் மட்டும் நின்று, மூன்றாவதாக ஒரு சமண நூலையும் வைத்துப் பார்த்தால், அவருக்குக் கிடைப்பது முற்றிலும் புதிய ஆய்வாக இருக்கும்.

நாட்டில் இத்துறைக்கு உரிய வாயில்கள் இல்லாமல் இல்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித்துறை 1907 முதல் இருந்து வருகிறது. அங்கே பணியாற்றிய பேணிமாதவ் பருவா 1917இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் இலக்கிய முதுமுனைவர் பட்டம் பெற்ற முதல் ஆசியர். நாலந்தாவில் பிக்கு ஜெகதீஸ் காசியபரின் முயற்சியால் 1951இல் நவநாலந்தா மகாவிகாரை எழுந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பௌத்த ஆய்வுத் துறை 1957இல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் பௌத்த, சமண, காந்திய, அமைதி ஆய்வுகள் ஒரு பாடமாகவும், சமயங்களின் ஒப்பியல் ஆய்வு வேறொரு பாடமாகவும், பாலி தனிப்பாடமாகவும் உள்ளன. அக்குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, முனைவர் பட்டத்திற்குக் குறைந்த காலம் 3 ஆண்டுகள், மிகுந்த காலம் 6 ஆண்டுகள். தொடக்கத்தில் குறைந்தது 12 மதிப்பலகு பாட வகுப்பும் உண்டு. இந்தக் கணக்குள்ளேதான் இடர் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் பாலியைப் புதிதாகத் தொடங்கி, மூலநூல்களைப் பிழையறப் படிக்கும் நிலையை எட்டி, கள ஆய்வும் செய்து, ஆய்வேடும் எழுதுவது எவராலும் ஆகாது. பதிவு செய்த பிறகு மொழி கற்கலாம் என்று காத்திருப்பவர் ஆங்கில மொழிபெயர்ப்புகளிலேயே நின்றுவிடுகிறார்; தண்ஹாவையும் வேட்கையையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியவர், இரண்டுக்கும் இடையில் ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் இழக்கிறார். ஆகவே முதுகலைப் படிப்பின் இரண்டு ஆண்டுகளே மொழிக்கு உரிய காலம். பாலிக்கெனத் தனி எழுத்து இல்லை. சிங்களம், பர்மியம், தாய், தேவநாகரி, ரோமன் எழுத்து ஆகிய எதிலும் அது அச்சாகிறது என்பதால், எழுத்து வடிவம் கற்பதில் செலவாகும் உழைப்பேனும் மிச்சமாகிறது.

பட்டத்திற்கு முன்பே உழைப்பு இருந்திருக்கிறது என்பதற்கும் தமிழில் முன்னோடிகள் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தத்தைச் சொல்லித்தரத் தமிழறிஞர் ஒருவரும் கிடைக்காத நிலையில், கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் மேலைநாட்டார் எழுதிய நூல்களைப் படித்துக் காட்ட, அவற்றின் துணையால் அருஞ்சொற்களுக்குப் பொருள் தெளிந்து, புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழில் எழுதிச் சேர்த்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி. வேங்கடசாமி, வீரசோழியம் என்னும் இலக்கண நூலின் உரையிலும் பிறவற்றிலும் சிதறிக் கிடந்த பௌத்தப் பாடல்களையும் ஊர்ப்பெயர்களையும் கல்வெட்டுகளையும் தேடித் தொகுத்து 1940இல் பௌத்தமும் தமிழும் என்னும் நூலைத் தந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆன் மோனியஸ் எழுதி 2001இல் நூலாக்கிய முனைவர் பட்ட ஆய்வு, முழுமையாக எஞ்சிய தமிழ்ப் பௌத்த நூல்கள் என்று மணிமேகலையையும் வீரசோழியத்தையும் எடுத்துக்கொண்டு, தமிழ் பேசிய பௌத்தர்கள் தம்மை எவ்வகைச் சமூகமாகக் கருதிக்கொண்டனர் என்று கேட்டது. அந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்து எழுந்ததில் தவறொன்றும் இல்லை. தமிழகத்திலிருந்து எழாமல் இருந்ததுதான் வருந்தத்தக்கது.

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் பௌத்த சங்கம் நிறுவி, 1907 முதல் தாம் நடத்திய இதழில் எழுதிய பௌத்த விளக்கங்களும், அதே 1907இல் வெளிவந்து, அம்பேத்கரின் முன்னுரையோடு 1948இல் மறுபதிப்புக் கண்ட பேராசிரியர் இலட்சுமி நரசுவின் பௌத்த நூலும், பௌத்தம் தமிழ்நாட்டில் கல்வெட்டோடு முடிந்துபோன ஒன்றன்று என்பதைக் காட்டுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கண்ணியத்திற்காக மீட்டெடுத்த ஒரு சமயத்தை ஆராய்பவர், அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சிகளை மொழிநூல் விதிகளால் மட்டும் எடைபோட்டு ஒதுக்குவாராயின், அவர் எதற்காக அவ்வாறு எழுதினார் என்பதைக் காணத் தவறிவிடுவார். பக்திப் பெருக்கால் அனைத்தையும் அப்படியே வரலாறாக ஏற்பவரும் அதே அளவு தவறுவார். நம்புவோர் தம் சமயத்தைப் பற்றிச் சொல்வது, அவர்கள் கண்டு இது எங்கள் சமயமே என்று ஒப்புக்கொள்ளும் வகையில் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். அதன்பின்பே ஆய்வாளரின் மதிப்பீடு தொடங்க வேண்டும்.

தமிழ் முதுகலை வகுப்புள்ள கல்லூரிகளும், அவற்றுக்குத் துணைநிற்கும் அறக்கட்டளைகளும் இவ்வகையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவை ஏற்படுத்துவதோடு, விரும்பும் மாணவர்க்குப் பாலி கற்பிக்கும் வகுப்பு ஒன்றையும் அவை ஏற்படுத்த வேண்டும். மணிமேகலையின் கடைசி நான்கு காதைகளைப் பாலி, வடமொழி மூலங்களோடு ஒப்பிட்டுப் படிப்பதை அவ்வகுப்பின் இறுதிப் பாடமாக வைக்கலாம். அதற்கு வேண்டியவை பாலி அறிந்த ஓர் ஆசிரியரும், வாரத்தில் நான்கு மணி நேரமும், இரண்டு ஆண்டுகளுக்கான ஊதியமும்தான்.